சாம்பாரில் புழு இருந்தது

மொத்தம் அறுபத்தொரு விடைத்தாள்கள். அவற்றில் அறுபதில் ஒரே சிப்பாய் ஒரே எதிரியை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான். 'டிஃபை' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும், இரண்டு மதிப்பெண். கேள்வி வங்கி என்று நாங்களே அச்சடித்துக் கொடுக்கும் புத்தகத்தில் அதற்கு ஒரு வாக்கியம் உண்டு: 'த சோல்ஜர் டிஃபைட் த எனிமி.' அதை மனப்பாடம் செய்து வந்து கக்கிவிட்டால் போதும். கக்குவது என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். அந்தத் தாள்களைத் திருத்தும்போது, யாரோ தின்று வெளியே தள்ளியதைக் கையால் அள்ளிக்கொண்டிருப்பது போலத்தான் எனக்கு இருக்கும்.

நான் ஆங்கிலம் நடத்துகிறவள். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக நிற்கும் கல்லூரிகளில் ஒன்றில், முதலாண்டுப் பொறியியல் பிள்ளைகளுக்கு. வீடு ஆவடியில். கணவருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இருபது வருடமாக இந்த ஊர்க்காரி. கல்லூரிப் பேருந்து முத்தாபுதுப்பேட்டையில் கிளம்பி ஆவடி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். ஆசிரியர்களுக்கு முன்னால் இரண்டு வரிசை, பிள்ளைகளுக்குப் பின்னால்.

அந்தப் பேருந்தில் முதல் ஆளாக ஏறி, கடைசி ஆளாக இறங்கும் ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். ஒடிசலான உடம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்பாள். பேருந்து வளைவில் திரும்பினால்கூட ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அவளுடையதுதான் அந்த அறுபத்தொன்றாவது தாள்.

அந்தத் தேர்வுக்கு முந்தின வாரம் நான் வகுப்பில் கத்தியிருந்தேன். கத்துவது எனக்குப் புதிதில்லை. "அந்தச் சிப்பாயைப் பாவம் விட்டுடுங்க. அவன் செத்துப் போயிட்டான். டிஃபைன்னா என்ன? மீறுறது. முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லி நிக்கிறது. உங்க வாழ்க்கையில ஒருநாளாவது யாரையாவது அப்படி எதிர்த்திருப்பீங்கல்ல? அதை எழுதுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சொந்தமா எழுதுங்க."

அறுபது பேர் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். ஒருத்தி மட்டும் சொன்னதைக் கேட்டாள்.

அவள் எழுதியிருந்தது ஒரு வாக்கியமில்லை, மூன்று. செவ்வாய்க்கிழமை நான் மெஸ் மேனேஜரை எதிர்த்தேன், ஏனென்றால் சாம்பாரில் புழு இருந்தது. அவர் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடு என்றார். முதலில் தட்டைக் கவிழ்த்தது நான். இதை அவள் ஆங்கிலத்தில், 'வார்ம் இஸ் தேர் இன் சாம்பார், ஹி டோல்ட் ரிமூவ் அண்ட் ஈட்' என்று எழுதியிருந்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. ஆனால் டிஃபை என்ற சொல் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பதினாலு வருடத்தில் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்திய மாணவி வேறு யாரும் எனக்கு இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. முதலாண்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது. விடுதியில் இருந்தாலும் சரி, தினம் வீட்டிலிருந்து வந்தாலும் சரி, மதியம் மெஸ்ஸில்தான் சாப்பிட்டாக வேண்டும். பையில் டிபன் பாக்ஸ் இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சமத்துவம் வளர்வதற்காக என்று காரணம் சொல்வார்கள். ஆசிரியர்களுக்கு அந்தச் சமத்துவம் கிடையாது. நாங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆசிரியர் அறையில் சாப்பிடுவோம்.

நான் அந்த மெஸ்ஸில் ஒரே ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கத்திரிக்காய் சாம்பார். இரண்டாவது கவளத்தைப் பிசையும்போது விரலுக்கடியில் ஏதோ மெத்தென்று வழுக்கியது. வெந்து வெளுத்துப் போன புழு, தலை மட்டும் கறுப்பு. காய்த் துண்டைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொன்று. பக்கத்திலிருந்தவர்களிடம் அல்சர் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாடுதான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மெஸ்ஸில் புழுவை மறைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. பார்த்த நாங்கள்தான் மறைத்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோஷமில்லை, சத்தமில்லை. நீள நீளமான மேஜைகளில் எவர்சில்வர் தட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நான் எட்டிப் பார்த்தேன், பார்த்துவிட்டு வந்து என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். யார் ஆரம்பித்தது என்று நிர்வாகம் மூன்று நாள் துருவித் துருவி விசாரித்தது. ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது நான்தான்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. பதினொரு மணி டீக்கு, தாள் திருத்துகிறவர்கள் அன்றைக்குச் சிக்கிய வேடிக்கையான தப்பை உரக்கப் படிக்க வேண்டும். அதற்கு 'முத்து' என்று பெயர். "இன்னிக்கு முத்து என்ன மேடம்?" என்று கேட்டுக்கொண்டேதான் டீயைக் கையில் எடுப்பார்கள். ஆங்கில ஆசிரியைக்கு முத்துக்குப் பஞ்சமா? அதில் நான் பேர் போனவள். பிள்ளைகளின் உச்சரிப்பைக்கூட அப்படியே செய்து காட்டுவேன். முத்தாபுதுப்பேட்டைப் பேச்சும் பூந்தமல்லிப் பேச்சும் என் வாயில் சரளமாக வரும். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போது கூசவில்லை, பெருமையாக இருந்தது.

அன்றைக்கு அவளுடைய தாளை எடுத்தேன். நல்ல வாக்கியம் என்று எனக்குத் தெரியும். அதைவிட நல்ல முத்து என்பதும் தெரியும். எழுந்து நின்று, ஒடிசலாகத் தோளைக் குறுக்கிக்கொண்டு, அவள் குரலிலேயே படித்தேன். 'வார்ம் இஸ் தேர் இன் சாம்பார்.' அறை அதிர்ந்தது. ஒருத்தருக்குப் புரையேறி டீ சட்டையில் கொட்டியது. அந்தச் சிரிப்பு கொடுத்த போதையில், கடைசி வரியையும் படித்தேன். முதலில் தட்டைக் கவிழ்த்தது நான்.

மூலையில் சிரிக்காமல் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கல் துறை, ஆனால் பாடம் நடத்துவதை விடக் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை விரட்டுவதுதான் அவருக்கு முக்கிய வேலை. டிசிப்ளின் சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மேடம், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க."

"சார், அது சும்மா ஒரு உதாரண வாக்கியம் சார். கற்பனையா எழுதியிருப்பா."

"கற்பனையா இருக்கட்டும். ரிஜிஸ்டர் நம்பர் கற்பனை இல்லையே. குடுங்க."

கையை நீட்டினார். நான் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மாணவி எழுதிய விடைத்தாள், திருத்தி முடிக்கும்வரை என் பொறுப்பு, யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது. விதி என் பக்கம் இருந்தும் என் கை என் பக்கம் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டால் அது தானாகக் கெட்டது, அதோடு போயிற்று. என் வாயால் கெட்டது வேறொருத்தி.

மறுநாள் அவளை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். யார் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டதற்கு, "நான்தான் சார்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லையாம். தீர்ப்பு வந்தது. அப்பாவை அழைத்து வர வேண்டும். மன்னிப்புக் கடிதம் எழுதி, அப்பாவும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் செமஸ்டர் தேர்வுக்கு ஹால்டிக்கெட் கிடையாது. ஹால்டிக்கெட் இல்லையென்றால் ஒரு வருடம் போயிற்று. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருடம் போனால் அவளை மறுபடி அனுப்புவார்களா என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் கல்லூரியில் மன்னிப்புக் கடிதத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் உண்டு. ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். 'நான் நிறுவனத்தின் விதிகளை மீறினேன், அதற்காக மனதார வருந்துகிறேன்' என்று போகும். மீறினேன் என்பதற்கு அதில் டிஃபைட் என்று இருக்கிறது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவளும் நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் வாங்குவதற்காக. முதல்வர் அதன் பிரதியை என்னிடம் கொடுத்தார், அதில் பேனாவால் ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்து, அப்பா வந்ததும் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றார். சேர்த்த வரி இது: 'உணவில் புழு எதுவும் இல்லை, இருந்ததாக நான் பொய் சொன்னேன்.'

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. தட்டச்சு செய்தேன். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது, அதைக்கூடத் திருத்தினேன். என்ன ஜென்மம் நான் என்று அப்போதே தோன்றியது. தோன்றினாலும் விரல் நிற்கவில்லை.

அவள் அப்பா அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார். முத்தாபுதுப்பேட்டையில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகப் போய்விட்டது. இப்போது இன்னொருத்தர் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறார். விடிந்ததும் ஆவடி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, மிச்ச நேரம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் மண். செய்தித்தாளில் சுற்றிய முளைக்கீரைக் கட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"டீச்சரம்மாக்கு எட்த்துனு வந்தேன். ரெண்டு எல பூச்சி அரிச்சிகீது. மர்ந்து அடிக்கலம்மா, அதான். பாத்து கிள்ளிப் போட்டுட்டு ஆக்குங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் அந்தப் பெண் தரையைப் பார்த்து நின்றிருந்தாள்.

"பாப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. இன்னா தப்பு பண்ச்சி? மார்க்கு கம்மியா?"

"மார்க்கெல்லாம் நல்லாத்தாங்க வாங்குது. மெஸ்ஸுல சின்னப் பிரச்சினை. ஒரு கடிதத்துல கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்."

அவர் கடிதத்தைக் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடிக்கவில்லை, கல்லூரிச் சின்னம் மேலே வருகிற மாதிரி சரியாகத்தான் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இங்லீசு நமக்குத் தெரியாது. இன்னா எய்திகீதுன்னு நீங்களே பட்ச்சி சொல்லுங்கம்மா."

படித்தேன். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். விதியை மீறியது தப்பு, இனிமேல் இப்படி நடக்க மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். முதல்வர் பேனாவால் சேர்த்த அந்த வரி வந்ததும் தாண்டிவிட்டேன். அதைப் படிக்க வாய் வரவில்லை என்பது ஒரு காரணம். படித்தால் அவர் கையெழுத்துப் போட மாட்டாரோ என்பது இன்னொரு காரணம். அவளுடைய நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் கிடைக்கிற காரணமெல்லாம் எப்போதும் அடுத்தவர் நல்லதுக்காகத்தான் இருக்கும்.

"அவ்ளோதானே? குட்ங்க பேனாவ."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"மேம், ஒரு வரி விட்டுட்டீங்க."

குரலில் கோபமில்லை. பாடப்புத்தகத்தில் நான் ஒரு வரியைத் தவறவிட்டால் எடுத்துச் சொல்கிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னாள். அவளே அப்பா பக்கம் திரும்பினாள். கல்லூரியில் எல்லார் முன்னாலும் அப்பா என்று சொல்கிறவளுக்கு அன்று வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"நைனா, சாம்பார்ல புழு இல்ல, நான் பொய் சொன்னேன்னு அதுல எழுதிகீது."

"பொய்யா சொன்ன?"

"இல்ல நைனா. மூணு புழு. அந்தாளுகிட்ட காமிச்சேன். எட்த்துப் போட்டுட்டு துன்னுன்னான்."

அவர் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சண்டைக்கு வருகிற பார்வை இல்லை. சந்தையில் எடை சரிதானா என்று கேட்கிற மாதிரி நேரான பார்வை.

"டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கரீட்டா இருக்கும். நீங்களும் இங்கதான துன்றீங்க? புழு இருந்துச்சா, இல்லியா?"

என் விரலுக்கு அந்த மெத்தென்ற வழுக்கல் ஞாபகம் வந்தது. கறுப்புத் தலை ஞாபகம் வந்தது. இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்கு இலக்கணமும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். டிசிப்ளின் சார் வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"நான் வீட்டுலேருந்து கொண்டுவந்து சாப்பிடுறேங்க. எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

"சர்தான். நீங்க ஊட்லேர்ந்து எட்த்துனு வந்துட்றீங்க."

புழு இருந்ததா இல்லையா என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நான் யார் என்பதும் புரிந்துவிட்டது. பேனாவை எடுத்து, குனிந்து, எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டார். மகளிடம் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"போடு பாப்பா. பரிச்ச எய்தணும்ல. நீ பொய் சொல்லலன்னு எனுக்குத் தெரியும். போடு."

அவள் போட்டாள். போடும்போது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் தட்டிக்கொடுத்துவிட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தேடியிருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கீரையை ஆய்ந்தேன். அவர் சொன்னபடியே இரண்டு இலையில் ஓட்டை. மற்றதெல்லாம் தளதளவென்று இருந்தது. கடைந்து எல்லாருக்கும் பரிமாறினேன். நல்ல கீரை என்றார் கணவர். நான் கீரையைத் தொடாமல் தயிரை ஊற்றிக்கொண்டேன்.

அதன் பிறகும் அந்தப் பெண் பேருந்தில் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், குட் மார்னிங் சொன்னாள். மரியாதையில் ஒரு குறையுமில்லை. மெஸ்ஸில் தட்டுகள் நிமிர்ந்தே கிடந்தன. கத்திரிக்காய் சாம்பார் வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தது. நான் டீ வேளையில் முத்து படிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் ஏன் நிறுத்தினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். அல்சர் சொன்ன அதே வாய்.

செமஸ்டருக்கு முன்னால் மாதிரித் தேர்வு வந்தது. கேள்வி வங்கியிலிருந்து அதே பத்துச் சொற்கள். வீட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். அடுக்கடுக்காகச் சிப்பாய்கள் வந்தார்கள். அவளுடைய தாளைத் தேடிப் பிடித்து, டிஃபை வரும் ஏழாவது கேள்விக்குத் திருப்பினேன். எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. என்னை எதிர்த்து ஒரு வரி எழுதியிருப்பாள், அதைப் படித்து வெட்கப்பட்டு முடித்துவிடலாம் என்றுகூட நினைத்திருக்கலாம்.

'த சோல்ஜர் டிஃபைட் த எனிமி' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு இலக்கணப் பிழை இல்லை, கடைசியில் முற்றுப்புள்ளிகூட இருந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டுக்கு இரண்டு போட்டேன்.